பழங்காலப் பானை ஓடுகளை வைத்து வாசிக்கக் கற்றுத்தருவது: 4, 5ஆம் வகுப்புக்கு யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருப்புவனம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பலர் தமிழைக் கடகடவென்று வாசித்துவிடுவார்கள். பத்தி முடிந்ததும் "என்னம்மா படிச்ச?" என்று கேட்டால் முழிப்பார்கள். இன்னும் சிலருக்கு ஒற்றெழுத்து வந்தாலே நாக்கு நின்றுவிடும்.

போன பருவத்தில் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். கொந்தகையில் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி 2023 மார்ச்சில் திறந்தார்களே, அதுதான். தாயக்கட்டை, தக்களி, சூதுபவள மணி என்று பார்த்துக்கொண்டே நடந்தவர்கள், எழுத்துக் கீறிய பானை ஓடுகள் பக்கம் வந்ததும் நகரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்றான். ஆதன், ஒரு ஆளோட பேரு என்றேன். "பேரை எதுக்குப் பானையில எழுதணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பிள்ளை, "எங்க வீட்டு எவர்சில்வர் குடத்துல எங்க அப்பத்தா பேரு வெட்டியிருக்குல்ல, அது மாதிரிதான்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பையன் விளக்க அட்டையை எழுத்துக்கூட்டி, யாரும் சொல்லாமலே, கடைசி வரி வரை படித்தான்.

ஒரு பருவம் முழுக்க வாசிப்பு வகுப்பைப் பழங்கால மக்களின் வாழ்க்கையை வைத்தே நடத்திப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கீழடியில் தொடங்கி, பிறகு சுமேரியா (இன்றைய இராக்கின் தென்பகுதி), எகிப்து. எதைப் படிக்கக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சில்லுவண்டு

டீச்சர், பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. என் மகள் படிக்கும் பள்ளியில் "பண்டைய எகிப்து" என்று ஒரு மாதம் நடத்தினார்கள். தெர்மகோலில் பிரமிடு, கழிப்பறைத் தாளைச் சுற்றி மம்மி, தங்கக் கலர் பெயின்ட் அடித்த முகமூடி. கண்காட்சி அன்றைக்குப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்த மாதம் முழுக்க அவள் எகிப்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம்கூடப் படிக்கவில்லை. நானும் என் மனைவியும் ராத்திரி பதினொரு மணி வரை பிரமிடு ஒட்டினோம்.

செய்முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரப் பாடத்தில் ஐம்பது நிமிடம் கத்தரிக்கோலும் பசையும் என்றால் வாசிப்புக்கு நேரம் எங்கே? என்ன செய்தாலும், பிள்ளையின் கண் எழுத்தின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். அது ஒன்றுதான் என் கேள்வி.

---

கல்லெழுத்துப் பிரியன்

நல்ல இழை. நான் ஆசிரியர் இல்லை. கல்வெட்டுப் பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பழைய எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

தமிழியை (தமிழின் மிகப் பழைய எழுத்து, தமிழ்ப் பிராமி என்றும் சொல்வோம்) அலங்காரமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது வாசிப்புக்கே நல்ல பயிற்சி. முதலில் "ப" காட்டுங்கள். ஏறக்குறைய இன்றைக்கு இருக்கிற ப-தான், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பிறகு "க": வெறும் கூட்டல் குறி. "ர": ஒரு நிமிர்ந்த கோடு. "ந": படுத்த கோட்டின் மேல் நிற்கும் ஒரு கோடு. நாலைந்து எழுத்துக்குள் பிள்ளைகள் சொல் அமைக்கத் தொடங்கிவிடுவார்கள். எழுத்து என்பது ஒலிக்கு மனிதர்கள் வைத்துக்கொண்ட அடையாளம் என்பது அந்த இடத்தில் புரிகிறது. அரிச்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் புரிந்திருப்பதில்லை.

ஒற்றெழுத்தில் நாக்கு நிற்கிறது என்றீர்களே, அதற்கும் ஒரு வழி உண்டு. பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. படிக்கிறவர்தான் சொல்லையும் இடத்தையும் பார்த்துப் புள்ளியை மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் இப்படி எழுதிப் போடுங்கள்:

பளளி விடடதும கணணன கிணறறடிககுப பொனான.

எரிககரையில கொககு நினறது.

"இதைச் சுவடியில் எழுதிவைத்தவர் என்ன சொல்ல வந்தார், கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுங்கள். புள்ளி எங்கே வரும் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். இரண்டாவது வரியில் எரிக்கரையா ஏரிக்கரையா என்று முடிவுசெய்ய வாக்கியத்தை முழுக்கப் படித்தே ஆக வேண்டும். கொக்கு என்று கண்டுபிடித்த பிள்ளைதான் ஏரிக்கு வந்துசேரும். பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்குப் போகும் பழக்கம் இதில் தானாக வருகிறது. ஒற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருதடவை பட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை, அப்புறம் புள்ளியை விட்டுவிட்டு எழுதுவதும் குறைகிறது.

---

கரும்பலகை

பிரியன் சார், அந்த இரண்டு வரியை இன்றைக்கே போட்டுப் பார்த்தேன். "கிணறறடிககுப" என்ற இடத்தில் வகுப்பே கத்தியது. ஒருத்தி தானாகவே இன்னொரு வரி எழுதி எடுத்துவந்து, "இதைப் படிங்க பாப்போம்" என்று என்னிடம் நீட்டினாள்.

//பிள்ளையின் கண் எழுத்தின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது//

சில்லுவண்டு, இதை என் பாடக்குறிப்பின் மேலேயே எழுதிவைத்துக்கொண்டேன். களிமண் வேலை கொடுப்பேன், ஆனால் அதில் எழுத்து இருக்க வேண்டும். சுமேரியப் பள்ளிகளில் உள்ளங்கைக்கு அடங்குகிற உருண்டையான களிமண் பலகைகள் இருந்தன. ஆசிரியர் ஒன்றிரண்டு வரி எழுதிக்கொடுப்பார், மாணவன் அதைப் பார்த்து அதே பலகையில் எழுதுவான். அப்படி எழுதப் பழகியவற்றில் பழமொழிகளும் உண்டு. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன்னால் நிப்பூர் நகரத்துப் பையன்கள் செய்தது இது. ஆசிரியர் கை எது, மாணவன் கை எது என்று இன்றைக்கும் பார்த்தாலே தெரியும். குயவர் வீட்டுக் களிமண் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. நான் ஒரு பழமொழி எழுதிக்கொடுக்க, பிள்ளை அதைப் படித்து, அடுத்த பக்கத்தில் எழுதி, பொருள் சொல்ல வேண்டும்.

---

பழைய வாத்தியார்

தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். உற்சாகத்தைக் குறைக்க வரவில்லை அம்மா. ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டு இறங்குங்கள்.

உங்கள் வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் ஒரே மருந்து கிடையாது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது. எழுத்தை ஒலியாக்கும் திறமையும், கேட்டால் புரிந்துகொள்ளும் திறமையும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டால் கிடைப்பதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியம் என்றால் விடையும் சுழியம். எழுத்தே தெரியாத பிள்ளைக்குக் கீழடியை எவ்வளவு சுவையாகச் சொன்னாலும் அது வாசிப்பாகாது. அவனுக்குத் தினமும் எழுத்துப் பயிற்சி தனியாக நடந்தே தீர வேண்டும்.

கடகடவென்று வாசித்துவிட்டு முழிக்கிற பிள்ளைக்குத்தான் உங்கள் திட்டம் முழு மருந்து. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேர். பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியைப் படிக்கச் சொன்னார்கள். படித்ததை மரப் பொம்மைகளை மைதான மாதிரியின் மேல் நகர்த்திக் காட்ட வேண்டும், சொல்லவும் வேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பள்ளி முத்திரை குத்தியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிப்பார்கள் ஆனால் ஆட்டம் தெரியாது என்கிற பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். விஷயம் தெரிந்தவனுக்குப் பத்தி புரிகிறது.

நம் பாடப் புத்தகத்தில் ஒரு பாடம் ஆறு, அடுத்தது பட்டம், அதற்கடுத்தது பாரதியார். எதிலும் பிள்ளை ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. ஒரே விஷயத்தில் ஒரு மாதம் தங்கினால் ஓடு, தாழி, உறைகிணறு, அகழாய்வு, குழி, அடுக்கு என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நாலாவது பத்தியில் அவை பிள்ளைக்குச் சொந்தச் சொல் ஆகிவிடும். ஹிர்ஷ் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய கோர் நாலெட்ஜ் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே மெசபொட்டேமியாவும் எகிப்தும் வருவதற்குக் காரணம் இதுதான். அந்த வயதில் பிள்ளை படிக்காது, ஆசிரியர் உரக்க வாசிப்பார். கேட்டுச் சேர்த்துவைத்த விஷயம் பின்னால் படிக்கும்போது கைகொடுக்கும்.

ஆகவே முதல் வாரம் நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும்.

---

சுன்னாகத்தாள்

நான் கனடாவில, ஸ்காபரோவில சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறன். வாத்தியார் ஐயா சொன்னது எங்கட பிள்ளையளுக்கு அப்பிடியே பொருந்துது, ஆனா கொஞ்சம் வேற மாதிரி.

எங்கட பிள்ளையளுக்கு எழுத்துத் தெரியும், வாசிப்பினம். பிரச்சினை என்னெண்டா, அவையின்ர தமிழ் மட்டத்துக்குக் குடுக்கிற புத்தகங்கள் எல்லாம் அவையின்ர வயசுக்குச் சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும். பத்து வயசுப் பிள்ளைக்கு "முயல் ஓடியது, ஆமை நடந்தது" எண்டு குடுத்தா அதுக்கு வெக்கமா இருக்கும். ஒன்டாரியோவில நாலாம் வகுப்புச் சமூகக் கல்வியில 1500ஆம் ஆண்டுக்கு முந்தின பழைய சமூகங்கள் எண்டு ஒரு பாடம் இருக்கு. எகிப்தோ சீனாவோ ஏதோ ஒண்டை ஆங்கிலத்தில ஏற்கெனவே படிச்சிருப்பினம். அதே விசயத்தைச் சின்னச் சின்ன வசனமாத் தமிழில எழுதிக் குடுத்தன். நைல் நதி பெருகினது, வண்டல் படிஞ்சது, கோதுமை விளைஞ்சது. சொல் தெரியாட்டியும் விசயம் தெரிஞ்ச படியா, "வண்டல்" எண்டா என்னவா இருக்கும் எண்டு தாங்களே ஊகிச்சுப் பிடிச்சவை.

பிறகு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை முத்திரைக்கு வந்தன். 1980களின்ர தொடக்கத்தில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில கண்டெடுத்த சின்ன முத்திரை. மேல் வரியில குறியீடுகள், கீழ் வரியில பிராமி எழுத்து. "கோவேத" எண்டு வாசிக்கினம். மூண்டே மூண்டு எழுத்து! அதைப் பெருசாக்கி அச்சடிச்சு, எழுத்து அட்டவணையையும் குடுத்து விட்டன். ஒரு பிள்ளை கேட்டுது: "மேல இருக்கிறதும் இதே பேர்தானோ, படமா எழுதியிருக்கோ?" அறிஞர்களும் அதைத்தான் கேட்கினம் எண்டு சொன்ன உடன பிள்ளையின்ர முகத்தைப் பாக்கோணும்.

---

வைகை மைந்தன்

அனைவருக்கும் வணக்கம். கீழடி என் சொந்த மண். என் கருத்து, பிள்ளைகளுக்கு முதலில் பெருமை வர வேண்டும். 2,600 ஆண்டுக்கு முன்பே எழுத்தறிவு பெற்ற இனம் நாம் என்று உள்ளத்தில் பதிந்துவிட்டால் வாசிப்பு ஆர்வம் தானே வரும். மற்ற நாடுகளைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே.

---

கல்லெழுத்துப் பிரியன்

மைந்தன் அண்ணா, உங்கள் அன்பு எனக்கும் உண்டு. அந்த மண்ணைத் தொட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் வகுப்பறையில் "நாம்தான் பழையவர்கள்" என்ற வரியோடு பாடம் முடிந்துபோகிறது. பிள்ளை கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் படிக்க என்ன இருக்கிறது?

அதே செய்தியை வேறு மாதிரிக் கொடுத்துப் பாருங்கள். மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் பொ.மு. 580 (அதாவது கி.மு. 580) என்ற காலம் வருகிறது. அந்தக் காலம் எதிலிருந்து வந்தது? 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டிலிருந்து. பானை ஓடுகளை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணிக்கவில்லை, கரியைத்தான் அனுப்பினார்கள். அப்படியானால் எழுத்துள்ள ஓட்டின் காலத்தை எப்படிச் சொல்கிறார்கள்? மண் அடுக்கை வைத்து. எந்த ஓடு எந்த ஆழத்தில் கிடந்தது என்று பார்த்து. இந்த நாலு வாக்கியத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படித்து, "அப்போ கரிக்கு மேல கிடந்த ஓடு பழசா புதுசா?" என்று கேட்டால், அதைவிடப் பெரிய வாசிப்புத் திறமை எது? அந்தப் பிள்ளை நாளைக்குச் செய்தித்தாளில் வரும் எதையும் அப்படியே விழுங்காது.

வெளிநாடும் வேண்டும். எகிப்தில் செங்கடல் ஓரம் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழியில் "பானை ஒறி" என்று இருக்கிறது. ஒறி என்றால் நம் உறிதான், மோர்ப் பானை தொங்கவிடுகிற உறி. யாரோ நம் ஊர் ஆள் அங்கே போய்ச் சரக்கு வைத்திருந்திருக்கிறார். எகிப்தைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல வாசல் இருக்கிறதா அண்ணா?

---

வைகை மைந்தன்

உறி பற்றி எனக்குத் தெரியாது. உண்மையிலேயே மகிழ்ச்சி. கரித்துண்டு விளக்கமும் ஏற்கத்தக்கது. குழியின் அடுக்குகளைப் பிள்ளைகளுக்குப் படமாக வரைந்து கொடுக்க முடியுமென்றால் நான் வரைந்து தருகிறேன். ஊரில் சுவர் ஓவியம் வரைபவன்.

---

மழைப்பள்ளி

இரண்டு வருடமாக வேலையில் இருக்கும் ஆசிரியை நான். எனக்கு ஒரு சந்தேகம். சங்கப் பாடல்களை இதில் சேர்க்கலாமா? எங்கள் பள்ளியில் ஒரு பாட்டைக் கொடுத்துப் பதம் பிரித்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் அழாத குறை.

---

பழைய வாத்தியார்

முழுப் பாட்டு வேண்டாம் தங்கச்சி. பொருளை முதலில் காட்டு, ஒரே ஒரு வரியைப் பிறகு கொடு. ஆதிச்சநல்லூர் தாழியின் படத்தைக் காட்டு, இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை அது. எவ்வளவு உயரம், உள்ளே ஓர் ஆள் உட்கார இடம் இருக்குமா என்று பேசவிடு. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டினார் என்பதையும் இரண்டு வரியில் சொல். அதற்குப் பிறகு, கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் போய், "தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் இடம் இருக்கட்டும்" என்று கேட்டதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு என்று சொல். "கலம்செய் கோவே" என்ற இரண்டு சொல் போதும். ஐந்தாம் வகுப்பு அமைதியாகிவிடும். மிச்ச வரிகளைச் சில பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள், அவர்களுக்குக் கொடு.

நான்காம் வகுப்புக்கு இதைக் கொடுக்காதே. வீட்டில் சமீபத்தில் சாவு நடந்த பிள்ளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

---

கல்லெழுத்துப் பிரியன்

வாத்தியார் ஐயா சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்கலாம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டுபிடித்த கல்வெட்டில் "அதியந் நெடுமாந் அஞ்சி" என்று பெயரே இருக்கிறது, துறவிகளுக்குக் குகையில் இடம் கொடுத்த செய்தியோடு. கதையில் கேட்ட ஆள் கல்லில் இருக்கிறான் என்றால் பிள்ளைகள் எழுத்தெழுத்தாகப் படித்துவிடுவார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லும் அப்படித்தான், "கூடல் ஊர் ஆகோள்" என்று வரும். ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்ந்துபோவது. அந்தச் சண்டையில் விழுந்த வீரனுக்கு வைத்த கல். மூன்றே வரி.

---

கரும்பலகை

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து முதல் பத்தியை எழுதினேன். பார்த்துத் திருத்துங்கள்.

*இது பானையின் உடைந்த துண்டு. இதை ஓடு என்று சொல்வோம். கீழடியில் தென்னந்தோப்பில் குழி தோண்டியபோது இது போன்ற ஓடுகள் கிடைத்தன. ஓட்டின் மேல் யாரோ கீறியிருக்கிறார்கள். அது படம் இல்லை, எழுத்து. ஆதன் என்று படிக்கலாம். ஆதன் என்பது ஒருவருடைய பெயர். பானை அவருடையதாக இருக்கலாம். அவர் தன் கையாலேயே எழுதினாரா? வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்களா? ஓடு அதைச் சொல்லவில்லை.*

இதைப் படித்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்லும் வாக்கியத்தின் கீழ் நீலக் கோடு, நாமாக ஊகிப்பதன் கீழ் சிவப்புக் கோடு போட வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு எந்தக் கோடு என்று பக்கத்துப் பிள்ளையோடு ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் தனியாக எழுத்துப் பயிற்சி நடக்கும். அவர்களுக்கு இதே பத்தியின் முதல் மூன்று வாக்கியம் பெரிய எழுத்தில்.

---

பழைய வாத்தியார்

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். "ஆதன் என்று படிக்கலாம்" என்பதை "எழுத்து தெரிந்தவர்கள் இதை ஆதன் என்று படிக்கிறார்கள்" என்று மாற்றுங்கள். யார் படித்துச் சொன்னது என்று பிள்ளைக்குத் தெரியட்டும். "ஆதன் என்பது ஒருவருடைய பெயர்" என்பதற்குப் பிறகு, "சங்கப் பாடல்களிலும் இந்தப் பெயர் வருகிறது" என்று ஒரு வரி சேர்த்தால், பெயர் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கும்.

---

சில்லுவண்டு

என் மகளிடம் இந்தப் பத்தியைக் கொடுத்தேன். "பானை அவருடையதாக இருக்கலாம்" என்பதற்குச் சிவப்பு போட்டாள். "ஓட்டின் மேல் யாரோ கீறியிருக்கிறார்கள்" என்பதற்கு நீலமா சிவப்பா என்று அரை மணி நேரம் என்னோடு வாதாடினாள். கீறல் தெரிகிறது, கீறின ஆள் தெரியவில்லையே என்கிறாள். பாதி நீலம், பாதி சிவப்பு போடலாமா டீச்சர்?

---

கரும்பலகை

தாராளமாகப் போடலாம். அவள் பெயரைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பிலும் கேட்கிறேன். ஐயா சொன்ன இரண்டு திருத்தமும் செய்துவிட்டேன்.

சுன்னாகம் அக்கா, பத்தியை நீங்கள் உங்கள் வகுப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பேச்சுக்கு மாற்றினாலும் சரி. ஆனைக்கோட்டை முத்திரைக்கு நீங்கள் எழுதிய பத்தி இருந்தால் இங்கே போடுங்கள், எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும்.

அடுத்த பத்தி உறைகிணறு. மைந்தன் அண்ணா, குழி அடுக்கோடு அதையும் சேர்த்து வரைந்து தர முடியுமா? சுடுமண் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும், பிள்ளைகள் விரல் வைத்து எண்ணுகிற மாதிரி.